மூன்றாம் இயலில் ஒற்றைக் கோடு

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில் மூன்றாவது கடை என்னுடையது. பலகையில் 'ஆய்வேடு வடிவமைப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளே வந்து, "இங்க ஜெராக்ஸ் எடுப்பீங்களா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பக்கத்துக் கடையைக் கையால் காட்டிவிடுவேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் அளவுகோல். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அளவுகோல். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

முந்நூறு பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு மேற்கோளை ஒழுங்காக வைக்கத் தெரியாது. திறக்கும் குறியைப் போட்டுவிட்டு மூடும் குறியை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஏடு முழுக்க அடுத்தவரே பேசிக்கொண்டிருப்பார். யார் சொன்னது, எந்த வருஷம், எத்தனாவது பக்கம் என்று கேட்டால், ஏதோ சொந்த விஷயத்தில் மூக்கை நுழைத்துவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்கள். பேராசிரியர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

ஆய்வு அலுவலகத்தின் விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். நாற்பது சொல்லுக்குள் இருக்கும் மேற்கோளை வரியோடு வரியாக, குறிகளுக்குள் வைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் குறிகளை எடுத்துவிட்டு, தனிப் பத்தியாக, இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, சின்ன எழுத்தில் அமைக்க வேண்டும். கடைசியில் அடிக்குறிப்பு எண். உள்ளே தள்ளி நிற்பதுதான் அது இரவல் என்பதற்கு அடையாளம்.

நீண்ட மேற்கோள்களை நான் இரண்டு சுற்றாகச் செய்வேன். முதல் சுற்றில் ஆய்வாளர் கையால் போட்ட குறிகளையும் எண்களையும், பக்கத்தின் கீழே எழுதிய குறிப்புகளையும் எடுப்பேன். இரண்டாவது சுற்றில் பத்தியை உள்ளே தள்ளி, தானாக வரிசைப்படும் அடிக்குறிப்பைச் செருகுவேன். ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு தாள் உண்டு. முதல் சுற்று முடிந்தால் அந்த இயலுக்கு நேரே சிவப்புப் பென்சிலால் ஒரு சாய்ந்த கோடு. இரண்டாவது முடிந்தால் அதன் மேல் குறுக்காக இன்னொன்று. பெருக்கல் குறி ஆனால்தான் இயல் முடிந்தது என்று அர்த்தம். இது போக இன்னொரு பழக்கம்: கைக்கு வருகிற கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து 'வந்தபடி' என்ற போல்டரில் போட்டுவிடுவேன். பட்டம் கைக்கு வரும்வரை அதைத் தொட மாட்டேன்.

பத்தொன்பது வருஷத்தில் என் கடையிலிருந்து போன ஒரு ஏடுகூட வடிவத்துக்காகத் திரும்பி வந்தது கிடையாது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. என் நாத்தனாரின் ஏடு திரும்பி வந்தது. வடிவத்துக்காக இல்லை, திருட்டுக்காக.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. ஒரு கல்லூரியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். வேலைக்காக வீட்டைவிட்டு வந்த பெண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். எல்லாம் சாப்பாட்டு மேசையில், மகளின் வீட்டுப்பாட நோட்டுக்கு நடுவில் எழுதியதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் கடையைத் திறந்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். கையில் ஆய்வு அலுவலகத்தின் கடிதம்.

"அண்ணி, என்னத் திருடின்னு எழுதியிருக்காங்க அண்ணி."

வாங்கிப் படித்தேன். மூன்றாம் இயலில் மூன்று இடங்களில் பிறருடைய பத்திகள் ஆய்வாளரின் சொந்த எழுத்தாகத் தரப்பட்டுள்ளன. நூற்பட்டியலில் அந்த நூலின் பெயர் இருப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் ஏடு ரத்து, மூன்று வருஷத்துக்கு மறுபதிவு கிடையாது.

இணைத்திருந்த பக்க நகல்களில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் எல்லாவற்றையும்விட மோசம். 'நான் அந்த விடுதியில் நான்கு மாதங்கள் தங்கியிருந்தேன். தபால்காரர் வருகிற நேரத்தில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவதை நான் தினமும் பார்த்தேன்' என்று தொடங்கும் நீளமான பத்தி. சொன்னவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் களஆய்வு செய்த ஓர் அம்மையார். என் நாத்தனார் எந்த விடுதியிலும் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. குறியும் இல்லாமல், உள்ளே தள்ளியும் நிற்காமல், அடிக்குறிப்பும் இல்லாமல் அது அவளே போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி நின்றது. 'வாக்கியங்களை மட்டுமல்ல, இன்னொருவர் வாழ்ந்த நான்கு மாதங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதியிருந்தார் தேர்வாளர்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது முதல் சுற்றோடு நின்றுபோன பக்கம்.

"நான் குறி போட்டிருந்தேன்ல அண்ணி? போட்ட ஞாபகம் இருக்கு. நம்பர்கூடப் போட்டேன்." அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "என் கம்ப்யூட்டர்ல பழசு இல்ல. நீங்க குடுத்தது அது மேலயே பதிவாயிடுச்சு. உங்ககிட்ட நான் முதல்ல குடுத்த பைல் இருக்கா?"

"இல்லையே. வேலை முடிஞ்சா அழிச்சிருவேனே."

யோசித்துச் சொன்னதில்லை. கை சுட்டால் இழுத்துக்கொள்வது மாதிரி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அவள் கைப்பையில் கைக்குட்டையைத் தேடிய அந்த நிமிஷம். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

அவள் போன பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய தாளை எடுத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் பெருக்கல் குறி. மூன்றுக்கு நேரே ஒற்றைக் கோடு, துணைக்கு ஆள் இல்லாமல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் இயலில் முதல் சுற்றை முடித்த அன்று அவள் நன்றியுரையை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். குடும்பத்துக்கு நன்றி சொல்லும் பத்தியில், 'பொறுமையோடு தட்டச்சு செய்து தந்த என் அன்பு அண்ணிக்கு' என்று இருந்தது. தட்டச்சு! அவளுடைய நூற்பட்டியலில் பாதி நான் ஒழுங்குபடுத்தியது. இரண்டாம் இயலில் ஒரே நூலுக்கு மூன்று வேறு வருஷம் போட்டிருந்ததைப் பிடித்தது நான். கடைசியில் நான் டைப் அடிப்பவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோப்பை அப்படியே மூடிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அன்பு அண்ணின்னு எழுதியிருக்காளே, அது கண்ணுல படலையா?"

"தட்டச்சு கண்ணக் குத்துது. அப்புறம் அன்பு எங்க தெரியும்?"

இரண்டு நாள் வேறு ஒருவருடைய ஏட்டைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவளுடையதைத் திறந்தபோது நேரே நான்காம் இயலில் ஆரம்பித்தேன். அடிக்குறிப்பு எண்கள் தானாக வரிசைப்பட்டுவிட்டதால் நடுவில் மூன்று விட்டுப்போனது எங்கேயும் தெரியவில்லை. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் தாளை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அந்த முறை பார்க்கவில்லை. வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டால் இல்லை என்பேன். மறந்துவிட்டாயா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய தாளை எடுத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை.

அவளும் பார்க்கவில்லை. அச்சான ஏட்டைப் புரட்டாமலே, "நீங்க பார்த்தாச்சுல்ல அண்ணி, போதும்" என்று சொல்லி உறுதிமொழிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கள் போய் செவ்வாய் வந்தது. ஆய்வு அலுவலகம் பரிந்துரைக்கும் வடிவமைப்பாளர் பட்டியலில் போன மாதம்தான் என் கடையைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பட்டியலை நகல் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தேன். உள்ளே உட்கார்ந்தால் என் கடையின் பெயர் பின்பக்கமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு நானே சமாதானம் சொன்னேன். விசாரணையில் அவளை நம்பிவிடுவார்கள், எச்சரித்து அனுப்பிவிடுவார்கள், நாம் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குப் பல்வலி என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். முகம் கழுவித் துடைத்த மாதிரி அமைதியாக இருந்தது. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. அந்த இயல் எழுதினப்ப பாப்பாவுக்கு ஜுரம். பத்து நாள் நான் சரியாத் தூங்கல. நான்தான் குறி போடாம விட்டிருக்கணும். போட்ட மாதிரி ஞாபகம் இருக்குன்னு சொன்னேன்ல, அது மனசு பண்ற வேலை. தப்பு செஞ்சவங்க எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் போல."

"நீ அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். கடைசிப் பத்தியை மட்டும் விரலால் காட்டினாள். 'ஏட்டை அமைத்துத் தந்தவர் என் அண்ணி. அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. நான் கொடுத்ததை அவர் கொடுத்தபடியே அமைத்தார். இந்தப் பிழையில் அவருக்குப் பங்கு இல்லை.'

"இத எதுக்கு எழுதின?"

"ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார், யார் பார்மட் பண்ணதுன்னு. உங்க கடைய இப்பத்தான் லிஸ்ட்ல போட்டிருக்காங்க. என்னால உங்க பேர் கெட வேண்டாம் அண்ணி. எனக்கு வந்தது என்னோட போகட்டும்." பிறகு கொஞ்சம் சிரிக்க முயன்றாள். "இதையும் நீங்களே அழகா அமைச்சுக் குடுத்திருங்க. மன்னிப்புக் கடிதத்துலயாவது மார்ஜின் சரியா இருக்கட்டும்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் செய்தது என்ன? கணினி முன்னால் உட்கார்ந்து, இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட்டு, வரி இடைவெளி சரிசெய்து, 'அவருக்குப் பங்கு இல்லை' என்பதற்கு முற்றுப்புள்ளி வைத்து, அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். என் கை அவ்வளவு நேரமும் கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்ததை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு 'வந்தபடி' போல்டரைத் திறந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் இயல், விடுதிப் பத்தி. குறி திறந்திருந்தது. மூடியும் இருந்தது. எண் நாற்பத்தொன்று. கீழே அந்த அம்மையாரின் பெயர், நூல், வருஷம், பக்கம், எல்லாம் சுத்தம். மற்ற இரண்டும் அப்படியே. ஜுரத்தில் கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதினாளோ என்னவோ, ஒரு கால்புள்ளி பிசகவில்லை. என்னிடம் வந்த ஏடுகளில் இவ்வளவு ஒழுங்காகக் குறி போட்டவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் விசையை அழுத்தினேன். 'நிச்சயமாக அழிக்கவா? ஆம், இல்லை' என்று கணினி கேட்டது. இது போய்விட்டால் நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும். ஒற்றைக் கோடு போட்ட தாளைக் கிழித்துப்போட்டால் அதற்கப்புறம் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அவளுக்கு ஆனது மாதிரி எனக்கும் ஞாபகம் குழம்பி, அவள்தான் விட்டாள் என்று நம்பிவிடுவேன். அப்படி நம்பக் கூடியவள்தான் நான் என்று தெரிந்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். வாசலில் இருந்த உதவியாளர் மறித்தார்.

"நீங்க யாரும்மா?"

"அந்த ஏட்ட டைப் அடிச்சவ."

உள்ளே நீள மேசை, நான்கு பேர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அம்மாள் தலைவர். அவருக்குப் பக்கத்தில் நூலகர். நாத்தனார் எதிரே தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் அவளுடைய ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நன்றியுரையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தார். "'இந்த ஏட்டில் எஞ்சியுள்ள பிழைகள் அனைத்தும் என்னுடையவையே.' நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா."

"அத அவ எழுதல," என்றேன். "நான் போட்டது. எல்லா ஏட்டுலயும் நான்தான் போடறேன். நான் வச்சிருக்கிற மாதிரிப் படிவத்துல ஏற்கெனவே இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க."

நான்கு பேரும் திரும்பினார்கள். நாத்தனார் பதறி எழுந்தாள். "அண்ணி, நீங்க எதுக்கு வந்தீங்க? நான்தான் லெட்டர்ல எழுதிட்டேனே."

நான் தாளையும் பென் டிரைவையும் மேசை மேல் வைத்தேன். நூலகர் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். குறிகளைத் தலைவருக்குக் காட்டினார். ஒற்றைக் கோட்டுக்கும் பெருக்கல் குறிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கினேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கோடுகளை யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை.

"அச்சுக்கு முன்னாடி சரிபார்க்க மாட்டீங்களா?" என்றார் தலைவர்.

"பார்ப்பேன். இதப் பார்க்கல."

"ஏன்?"

"கோவம்."

"யார் மேல?"

"இவ மேல. டைப் அடிச்சுக் குடுத்தேன்னு எழுதிட்டா."

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். விசாரணைக் குறிப்பில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தலைவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பேனாவை மூடித் திறந்தார்.

அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். குற்றச்சாட்டு ரத்து. மூன்று பத்திகளையும் விதிப்படி அமைத்து இரண்டு வாரத்துக்குள் ஏட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். என் கடை பட்டியலிலிருந்து நீக்கம். எனக்கு அது ஒரு தண்டனையாகவே படவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரிதான் வெளியே வந்தேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு அசடு நான்.

தாழ்வாரத்தில் அவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"பைல் இல்லைன்னு சொன்னீங்களே அண்ணி."

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"விட்டுப்போச்சு, சரி. கோவம், அதுவும் சரி. என் மேல கோவப்பட உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா நான் நேர்ல வந்து நின்னு கேட்டேன். அஞ்சு நாள் அண்ணி. நானே திருடிட்டேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். பாப்பா மூஞ்சியப் பார்க்க முடியல." குரலை உயர்த்தவில்லை. "லெட்டரையும் அடிச்சுக் குடுத்தீங்க."

படியிறங்கிப் போய்விட்டாள். அவளுடைய குடை நாற்காலியில் மறந்து கிடந்தது. நான்தான் எடுத்து வந்தேன். இன்னும் கடையில்தான் இருக்கிறது.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உன்கிட்டயே குடுக்கச் சொன்னா. அந்த விதியெல்லாம் உனக்குத்தான் சரியாத் தெரியுமாம்."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

முதலில் மூன்றாம் இயலை எடுத்தேன். விடுதிப் பத்தியை உள்ளே தள்ளினேன். அடிக்குறிப்பைச் செருகினேன். மூன்றையும் முடித்துவிட்டு, ஒற்றைக் கோட்டின் மேல் குறுக்கே இன்னொரு கோடு போட்டேன். பென்சில் முனை உடைந்துவிட்டது. சீவிக்கொண்டு கடைசியாக நன்றியுரையைத் திறந்தேன். புதிதாக எழுதியிருந்தாள்.

குடும்பப் பத்தியில் கணவர் இருந்தார், மகள் இருந்தாள், அண்ணன் இருந்தார். அதற்கு மேலே இருந்த பத்தியில் நூலகம், ஆய்வு அலுவலகம், ஏட்டைக் கட்டித் தந்தவர் என்று வரிசையாக நன்றி. அந்த வரிசையில் நான்காவதாக ஒரு வாக்கியம்: 'இந்த ஆய்வேட்டை விதிகளின்படி அமைத்துத் தந்த வடிவமைப்பாளருக்கு என் நன்றி.' பிழைகள் அனைத்தும் என்னுடையவையே என்ற வரியை அவளே எடுத்துவிட்டிருந்தாள்.

வடிவமைப்பாளர். நான் ஆசைப்பட்ட சொல்தான். அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்து சரி, இடைவெளி சரி, முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நான் திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நன்றியுரைக்கு நேரே கோடு போட்டு, அதன் மேல் குறுக்குக் கோட்டையும் போட்டுவிட்டு, ஏட்டை அச்சுக்கு அனுப்பினேன்.